இன்னும் ஒரே ஒரு ஆட்டம்

ஆம்பூர்,
8.7.2025, செவ்வாய் காலை

குர்ஷித்,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைப்பாய். கிழிப்பதாக இருந்தால் முதல் பக்கத்தை மட்டும் கிழி. அது என்னைப் பற்றியது. இரண்டாவது பக்கத்தைப் படித்துவிடு, அது நீ தரம் பார்க்கும் மேசைக்கு வந்திருக்கும் சரக்கைப் பற்றியது.

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு இருபத்தாறு நாள். அம்மா போனிலிருந்து ஒருமுறை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் வேன் ஓட்டும் கஃபார் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் இங்கே தைத்த அப்பரை, ஷூவின் மேல்பாகத்தை, ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்கு வருகிறவர், டெலிவரி சீட்டோடு ஒரு கவரையும் கொண்டுவந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அவர்தான் கேட்டார். "நம்ம குர்ஷித்துக்கா? சண்ட தீந்துச்சா?" தீரவில்லை என்றேன்.

ஜூனில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன்னிடம் தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோற்றேன். நீ கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடுகிறாய் என்று செஸ் ஆடும் அந்தத் தளத்துக்கு மூன்று வரி எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் உன் கணக்கை மூடிவிட்டார்கள். மூடினார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு இன்றுவரை ஒரு நாளும் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் தோற்க ஆரம்பித்தேன். 1340 இருந்த ரேட்டிங் 1092க்கு வந்து நிற்கிறது.

இனி இரண்டாவது பக்கம்.

போன சனிக்கிழமை காலையிலிருந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தேன். பஸ்ஸில் மூன்று, கேட் வாசலில் ஒன்று, மேசைக்கு வந்தபின் மூன்று. ஊசிப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்புவதற்காக இந்த ஹாலில் எனக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பது உனக்குத் தெரியும். எட்டாவது ஆட்டத்தில் என்னிடம் ஒரு யானை கூடுதலாக இருந்தது. நாற்பது விநாடி மிச்சம். அப்போது எழிலரசி வந்து நின்றாள். நீ போன பிறகு சேர்ந்த பெண், பதினேழாம் நம்பர் மெஷின். ஒரு மூடியில் உடைந்த ஊசித் துண்டுகளை வைத்து நீட்டினாள். "அக்கா, ஊசி ஒட்ஞ்சிபோச்சி." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். புது ஊசியைக் கொடுத்தேன். துண்டுகள் சேர்ந்து முழு ஊசி வருகிறது என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். ஆட்டத்திலும் நேரம் முடிந்து தோற்றேன்.

சாயங்காலம் பதிவேட்டில் ஒட்டுவதற்காக மூடியிலிருந்து எடுத்துச் சேர்த்தபோது முனை இல்லை. ஒரு அரிசி நீளம் குறைகிறது.

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். நெட் இல்லை என்று சொல்லி அன்றைய படத்தை அனுப்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. நேற்று காலை பழைய ஊசிகளைப் போடும் டப்பாவிலிருந்து வேறு ஒரு முனையை எடுத்து, அந்த உடைந்த ஊசியோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினேன். படமெடுத்து அனுப்பினேன்.

அந்த லாட் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான ஸ்கூல் ஷூ. இரும்பு பக்கிள் வைத்த மாடல். இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டால் பக்கிளுக்கே கத்தும் என்று இதை மெஷினில் விடுவதில்லை. என் பதிவேடு ஒன்றுதான் காவல். நேற்றைய வேனில் உன் யூனிட்டுக்கு வந்துவிட்டது.

உன்னைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஹேமா


ராணிப்பேட்டை,
8.7.2025, செவ்வாய் மாலை

ஹேமலதாவுக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் ரேட்டிங் எவ்வளவு என்று எழுதியிருக்கிறாய். கட்டு எண்ணை எழுதவில்லை. எந்தக் கட்டில் என்று தெரியாமல் அறுநூறு ஜோடியில் நான் எதைத் தேடுவது?

நாளைக் காலை வேனில் இவற்றை எழுதி அனுப்பு: எழிலரசி அன்று தைத்த கட்டுகளின் எண்கள், ஊசி உடைந்த நேரம், எந்தத் தையலில் உடைந்தது, அதற்கு முன் கடைசியாக எப்போது ஊசி மாற்றினாள்.

நீ என்னைத் திருடி என்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு மூன்று வரியில் எழுதினாய். என் முகத்தைப் பார்த்துக் கேட்க உனக்கு மூன்று வரி இல்லை. ஆறு வருஷம் ஒரே கேன்டீன் மேசையில் சாப்பிட்டோம். அதைப் பற்றிப் பேச எனக்கு இப்போது நேரமில்லை.

இதை உனக்காகச் செய்யவில்லை. எங்கேயோ ஒரு குழந்தை அந்த ஷூவில் காலை விடப்போகிறது.

குர்ஷித்


ஆம்பூர்,
9.7.2025, புதன் காலை

குர்ஷித்,

கட்டு எண் 41, 42, 43, 44. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஜோடி. அப்பரின் உள்பக்கம் சின்னதாக முத்திரை இருக்கும். ஊசி உடைந்தது பதினொன்று ஐந்துக்கு. பட்டை தைக்கும் இடத்தில், தோல் மூன்று மடிப்பாக வருமே, அங்கே. அதற்கு முன் ஊசி மாற்றியது காலை எட்டு மணிக்கு. நாற்பத்தெட்டு ஜோடியில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். தரையில் விழுந்து பெருக்கித் தள்ளியும் இருக்கலாம். அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நேற்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டதை எழுதிவிட்டேன். மேலே எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு மத்தியானத்தில் பேச ஆள் இல்லை. உன்னோடு போனில் ஆடும் அந்தப் பத்து நிமிஷம்தான் இருந்தது. அதில் தோற்றுக்கொண்டே வந்தபோது முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. உன் கணக்கு மூடிய பிறகு பத்து நிமிஷ ஆட்டத்தை ஐந்தாக்கினேன். ஐந்து மூன்றானது. சோறு வேகும் நேரத்தில் ஆடினேன், குழைந்துபோனது. துணி துவைக்கும்போது சோப்புக் கையைத் துடைத்துவிட்டு ஆடினேன். தோற்றதும் "இன்னொரு ஆட்டம்" என்று ஒரு பொத்தான் வருமே, அதை என் விரல் என்னைக் கேட்காமல் அழுத்துகிறது. இழந்த எட்டுப் புள்ளியை எடுத்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். எட்டு பதினாறாகிறது. அம்மா ஏதாவது கேட்டால் அவள் மேல் எரிந்து விழுகிறேன். நேற்று குழம்பில் உப்பு கம்மி என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

நேற்று அந்த ஆப்பை அழித்துவிட்டேன். சத்தியமாக அழித்துவிட்டேன்.

திங்கள்கிழமை வாங்குபவர்கள் சார்பில் ஆடிட் வருகிறது. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள்.

ஹேமா


ராணிப்பேட்டை,
10.7.2025, வியாழன் மாலை

ஹேமாவுக்கு,

41, 42, 43 கிடைத்தன. முப்பத்தாறு ஜோடி. "தையல் விட்டிருக்கு" என்று சிவப்புச் சீட்டு ஒட்டி மேசைக்குக் கீழே இழுத்துவைத்தேன். ஒரு தையலும் விடவில்லை, எழிலரசி நன்றாகத்தான் தைத்திருக்கிறாள். நேற்றும் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டைத் தையலை விரலால் அழுத்தி, காந்தம் வைத்துப் பார்த்தேன். பக்கிள் பக்கம் போனால் காந்தம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. இடது கை ஆள்காட்டி விரலில் தோல் உரிந்துவிட்டது. எதுவும் கிடைக்கவில்லை.

44 என் மேசையில் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானமே அடிப்பாகம் ஒட்டும் லைனுக்குப் போய்விட்டது. அங்கே அறுபது ஆள். போய் எதைச் சொல்லி எடுப்பேன்?

சூப்பர்வைசர் அம்பிகா மேடம் சிவப்புச் சீட்டைப் பார்த்து எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டச் சொன்னார். ஏற்கெனவே சரிசெய்யக் கொடுத்துவிட்டேன் என்றேன். ஒரு பொய். நாளை இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும்.

நீ ஆப்பை அழித்ததாக எழுதியிருக்கிறாய். அழிப்பது பெரிய விஷயமில்லை, ஹேமா. நானும் அழித்திருக்கிறேன், திரும்ப ஏற்றியிருக்கிறேன். கேன்டீனில் உட்கார்ந்து நாம் ஒரு விதி போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தோற்றால் மூடிவிட வேண்டும். முகம் கழுவ வேண்டும். தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்வில் கெட்டது என்று ஒன்றையாவது கண்டுபிடித்த பிறகுதான் அடுத்தது. நீ அதைக் கேட்டுச் சிரித்தாய், இது பள்ளிக்கூடமா என்று. தொடர்ந்து தோற்கும்போது எதிரில் இருப்பவனை நாம் பார்ப்பதே இல்லை. போன ஆட்டத்தில் தோற்கடித்தவனைத்தான் இந்த ஆட்டத்திலும் அடிக்கப் பார்க்கிறோம். அவன் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

நானும் அந்த விதியை எல்லா நாளும் காப்பாற்றவில்லை. அது இருக்கட்டும்.

நீ போய் உங்கள் மேனேஜர் துரைசாமி சாரிடம் சொல். அவர் சொன்னால் லைனை நிறுத்தி 44ஐ வெளியே எடுப்பார்கள். நான் சொன்னால் எடுக்க மாட்டார்கள்.

குர்ஷித்


ஆம்பூர்,
11.7.2025, வெள்ளி காலை

குர்ஷித்,

சொல்கிறேன். கட்டாயம் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆடிட் முடியட்டும். அதுவரை மட்டும் பொறுத்துக்கொள். ஆடிட்டின் நடுவில் இது வெளியே வந்தால் எனக்கு மட்டும் வேலை போகாது, ஹாலுக்கே போய்விடும், முந்நூறு பேருக்கு ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. இது உண்மையா, நான் கட்டிக்கொண்டதா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று எழிலரசி என் மேசைக்கு வந்தாள். இந்த மாதம் அவளுக்கு உடைந்தது மூன்றாவது ஊசி. அடிக்கடி ஊசி உடைப்பவர்களை மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாதனூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். கையைப் பிசைந்துகொண்டு கேட்டாள்: "அக்கா, அந்த சனிக்கெழம ஊசி சரியா இருந்திச்சில்ல? எனக்கு என்னமோ சின்னதா தெரிஞ்சிச்சி. நீங்க பாத்தீங்கல்ல?"

"இருந்திச்சி, நீ போ" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். பதிவேட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தும் இருக்கிறது, குர்ஷித். நாளை ஏதாவது ஆனால் இரண்டு கையெழுத்தையும்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நேற்று வீட்டுக்குப் போனதும் ஆப்பை மறுபடி ஏற்றினேன். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் மனசு நேராகும், அதன் பிறகு தெளிவாக யோசிக்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது ஆட்டம். ஒன்பதிலும் தோற்றேன். கடைசி ஆட்டத்தில் ராணியைத் தூக்கி அவன் சிப்பாய் வெட்டும் கட்டத்திலேயே வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். அம்மா எதிரில் நின்று, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இப்போது ரேட்டிங் என்ன என்று எழுத மாட்டேன். நீ திட்டுவாய்.

திங்கட்கிழமை வரை. ப்ளீஸ்.

ஹேமா


ராணிப்பேட்டை,
11.7.2025, வெள்ளி மாலை

ஹேமாவுக்கு,

திங்கட்கிழமை வரை முடியாது.

இன்று அம்பிகா மேடம் மறுபடி வந்தார். நான் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அவர் என் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை இந்த லாட் கண்டெய்னரில் ஏறுகிறது. 44ஆம் கட்டு இன்று அடிப்பாகம் ஒட்டி முடிந்து பெட்டிக்குப் போயிருக்கும். பெட்டி மூடிவிட்டால் எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வந்தால் நீ செவ்வாய்க்கிழமை என்பாய். கண்டெய்னர் போன பிறகு, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்பாய். "இன்னும் ஒன்று மட்டும்" என்ற உன் கணக்கு எனக்குத் தெரியும். பலகையில் நீ அப்படித்தான். ஒரு குதிரை போனதும் அதை மீட்க யானையை அனுப்புவாய், யானையை மீட்க ராணியை அனுப்புவாய். குதிரை போனபோதே நிறுத்தியிருந்தால் ஆட்டம் உன் கையில் இருந்திருக்கும். முனை இல்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் சொல்லியிருந்தால் உனக்கு ஒரு திட்டு கிடைத்திருக்கும். திங்கட்கிழமை வேறு முனையை ஒட்டினாய். நேற்று அந்தப் பெண்ணிடம் சரியாக இருந்தது என்று சொன்னாய். அடுத்து எதை அனுப்பப்போகிறாய்? எழிலரசியையா?

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். சாப்பிடும்போதுகூட விரல் தானாகச் சப்பாத்தியின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறது. என்ன தேடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் தவ்ஃபீக் கேட்கிறார்.

நாளை சனிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்குள் துரைசாமி சாரிடமிருந்து இங்கே போன் வரவில்லை என்றால், நான் அம்பிகா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உன் கடிதங்களைக் காட்ட மாட்டேன். ஆனால் சொல்லிவிடுவேன்.

குர்ஷித்


ஆம்பூர், வீட்டில்,
12.7.2025, சனி பிற்பகல்

குர்ஷித்,

போன் வந்திருக்கும். உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

காலை ஏழரைக்கே துரைசாமி சார் அறை வாசலில் போய் நின்றேன். அவர் எட்டேகாலுக்கு வந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் மூன்று தடவை திரும்பி நடந்தேன். ஒரு தடவை பாத்ரூம் வரை போய், கை தானாகப் போனைத் திறந்து, ஆப்பின் மேல் விரல் போய்விட்டது. போனை அணைத்து, வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதிவேட்டைத் திறந்து அவர் மேசையில் வைத்தேன். இந்த முனை இந்த ஊசியுடையது இல்லை சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன், செஸ் ஆடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. எழிலரசி துண்டுகளை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தாள், பார்க்காதது நான்தான் என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. டேப்பை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஊசி ஒடையத்தான் செய்யும் ஹேமா. ஒடையாத ஊசி கெடையாது. நீ பாக்காம உட்ட, அதுகூட தப்புதான், போவட்டும். வேற முனைய எடுத்து ஒட்டின பாரு, அதுக்கு நான் இன்னா பேரு வெக்கறது?"

அவர் உடனே ராணிப்பேட்டைக்குப் போன் போட்டு லாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு மெக்கானிக் முனிரத்தினத்தைக் கூப்பிட்டுப் பதினேழாம் நம்பர் மெஷினைத் திறக்கச் சொன்னார்.

ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழிலரசி மெஷினை விட்டு எழுந்து சுவரோடு நின்றாள். முனிரத்தினம் அண்ணன் ஊசி இறங்கும் தகட்டின் இரண்டு திருகையும் கழற்றித் தூக்கினார். உள்ளே எண்ணெயில் ஊறிய தூசி, நூல், தோல் துகள். பிரஷ்ஷால் ஒரு வெள்ளைத்தாளில் தட்டினார். காந்தத்தை வைத்தார். ஒட்டிக்கொண்டு வந்தது.

அங்கேயே இருந்திருக்கிறது, குர்ஷித். ஒரு வாரமாக அவள் அதற்கு மேலேயே தைத்துக்கொண்டிருந்தாள்.

என் டேப்பைப் பிரித்து, நான் ஒட்டியதை எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். உடைந்த வாய் சரியாகப் பொருந்தியது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திருகைக் கழற்றி மாட்ட அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் விரலில் தோல் உரிந்திருக்காது.

பொருந்தினாலும் விதி விதிதான், அறுநூறு ஜோடியையும் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆடிட்டர்களிடம் தானே சொல்லப்போகிறாராம். எனக்கு ஆறு நாள் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. திரும்பி வந்தால் ஊசி மேசை கிடையாது, நூல் வெட்டும் மேசை. போன் அனுமதி கிடையாது. அங்கே 41, 42, 43 ஏற்கெனவே தனியே இருப்பதாகப் போனில் சொன்னார்களாம், அதை யார் எடுத்துவைத்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். உன் பெயரை நான் சொல்லவில்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெளியே வரும்போது எழிலரசி கேட் வரை பின்னாலேயே வந்தாள். "எங்கிட்ட சரியா இருந்திச்சின்னு சொன்னீங்களேக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைப் பார்க்க முடியவில்லை.

உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுது. திட்டியாவது எழுது.

ஹேமா


ராணிப்பேட்டை,
15.7.2025, செவ்வாய் மாலை

ஹேமா,

இதை கஃபார் பாய் உன் வீட்டிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அறுநூறு ஜோடியையும் திறந்து பார்த்தாயிற்று. சனி, ஞாயிறு, திங்கள், இருபது பேர் உட்கார்ந்தோம். ஒன்றும் இல்லை. லாட் அடுத்த கண்டெய்னரில் போகும். பொய்க் காரணம் எழுதிச் சரக்கை நிறுத்திவைத்ததற்கு எனக்கு ஒரு மெமோ. அம்பிகா மேடம் மெமோவைக் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த தபா நெசத்த எழுதி நிறுத்து" என்றார். அவ்வளவுதான். நீ பயப்படாதே.

இனி எழுதப்போவதை நான் மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ என்மேல் போட்ட புகார் பொய் இல்லை.

பதினொன்றில் முதல் எட்டு ஆட்டம் நான் ஆடியவை. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் நான் ஆடவில்லை. தவ்ஃபீக்கின் லேப்டாப்பில் கம்ப்யூட்டர் சொன்ன நகர்வைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். இங்கே வந்த புதிதில் நானும் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். மே மாதம் ஒரே வாரத்தில் தெரியாதவர்களிடம் பதினான்கு ஆட்டம். உன்னிடம் சொல்லவில்லை. புது யூனிட்டில் என் வேலை யாருக்கும் தெரியாது, வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதைத் தொட்டாலும் யாரையாவது கேட்டுத்தான் தொட வேண்டும். கேட்காமல் நான் ஜெயிக்கிற இடம் நீ ஒருத்திதான். எட்டாவது ஆட்டத்தில் நீ கிட்டத்தட்ட என்னை முடித்துவிட்டாய். எப்படியோ தப்பித்தேன். உன்னிடமும் தோற்க ஆரம்பித்தால் எனக்கு என்ன மிச்சம் என்று தோன்றியது. அடுத்த நாள் லேப்டாப்பைத் திறந்தேன்.

தவ்ஃபீக் பார்த்துவிட்டார். "உன் தோஸ்த் கூடதானே ஆட்ற?" என்று மட்டும் கேட்டார். நான் மூடிவிட்டு, மறுநாளும் திறந்தேன்.

நீ புகார் கொடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் நிஜமான ஆத்திரம். நான் செய்யவே இல்லை என்பதுபோல நானே நம்பிக்கொண்டு ஆத்திரப்பட்டேன். உன்னை பிளாக் செய்தேன். போன வாரம் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் நேர்மை பேசினேன். உன் டேப்புக்கு அடியில் இருந்ததைவிடப் பெரிய முனையை என் டேப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு. நீ பதிவேட்டைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் சொன்னாய் என்று படித்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நீ அழைக்க வேண்டும் என்று இல்லை.

குர்ஷித்


ஆம்பூர்,
20.7.2025, ஞாயிறு

குர்ஷித்,

ஐந்து நாளாக உன் கடிதம் அரிசி டப்பாவின் மேல் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து வைத்துவிட்டு அரிசி எடுக்கிறாள், என்ன என்று கேட்பதில்லை.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் பைத்தியம் இல்லை, எனக்குத் தெரிந்தது சரிதான் என்ற நிம்மதி. அடுத்த நாள் கோபம் வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொன்னாய். கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய், இல்லையா?

நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டும். நூல் வெட்டும் மேசை பதினேழாம் நம்பர் மெஷினுக்கு நேர் எதிரில். எழிலரசி நாள் முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் இருப்பாள். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதலில் பேசாமல் நூல் வெட்டுகிறேன்.

ஆப் இல்லாமல் எட்டு நாள். இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் ஆட வேண்டும் என்றுதான் இருக்கிறது. நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். அவன் மந்திரியை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் வேறெங்கோ வைத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். நாம் ஆடிய ஆட்டங்களின் நகர்வுகள் மெயிலில் வந்து கிடந்தன. கடைசி மூன்றையும் அழித்துவிட்டேன். எட்டாவது ஆட்டத்தை மட்டும் வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, பென்சிலால் ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. இதுவரை தோற்ற ஓர் ஆட்டத்தையும் நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. முப்பத்தோராவது நகர்வில் நான் யானையைப் பின்னால் இழுத்தேன். இழுக்காமல் குதிரையால் உன் சிப்பாயை எடுத்திருந்தால் உனக்கு வழியே இல்லை. நான்கே நகர்வில் முடிந்திருக்கும். எனக்கு அன்று அது தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததா? நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றரை நிமிஷம், நீ அந்தக் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

போனில் சொல்லாதே. எழுது.

ஹேமா